பூட்டுத் தகட்டில் இருக்கும் பெயர் செய்தவர் பெயர்தானா?

பழைய படைக்கலன்களைத் துருவிலிருந்து காப்பதும் அவற்றின் பிறப்பிடத்தை ஆராய்வதும் என் தொழில். சில மாதங்களுக்கு முன்பு ஒரு குடும்பத்தார், தங்கள் கொள்ளுத்தாத்தா வைத்திருந்த நீண்ட துப்பாக்கியைக் காட்டி, அதன் பூட்டுத் தகட்டில் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கவாட்டு உலோகத் தகட்டில்) 'டவர்', அதாவது கோபுரம், என்று பொறித்திருப்பதால் அது லண்டன் கோபுரம் என்ற பழைய அரசுக் கோட்டையிலேயே செய்யப்பட்டது என்று உறுதியாகச் சொன்னார்கள். 39 அங்குலக் குழல், அதை மரக்கட்டையோடு பிணைக்கும் மூன்று பட்டைகள், 0.577 அங்குலத் துளை ஆகியவற்றைக் கொண்டு பார்த்தால் அது 1853 ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த என்ஃபீல்டு வகைத் துப்பாக்கி. அதில் ஐயமில்லை. 'டவர்' என்ற சொல்லைத்தான் அவர்கள் தவறாகப் படித்திருந்தார்கள்.

ஆராய்ச்சிக்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில், நூறாண்டுக்கு முன்பு கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே கிடப்பதுண்டு. ஈரம் படாமல் இருந்தால் அந்தக் கருமருந்து இன்றும் தீப்பற்றும். ஆகவே எந்தத் துப்பாக்கி வந்தாலும், பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் இறக்கி, அது உள்ளே சென்ற நீளத்தை வெளியே குழலின் மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். குச்சி அடிவரை போகாமல் சில அங்குலம் முன்பே நின்றால் அதற்குமேல் யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் குதிரையை (சுத்தியல்போல் அடித்து மருந்தைப் பற்றவைக்கும் உறுப்பை) இழுத்தும் விசையை அழுத்தியும் பார்ப்பதைக் கண்டு நான் பலமுறை பதறியிருக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு துப்பாக்கியை ஒரே மனிதர் செய்யவில்லை. குழலை ஒருவர் அடிப்பார், பூட்டை டார்லஸ்டன், வென்ஸ்பரி போன்ற அண்டை ஊர்களில் இன்னொருவர் அராவுவார், கட்டையை வேறொருவர் செதுக்குவார், கடைசியில் அனைத்தையும் பொருத்துபவர் மற்றொருவர். அரசின் ஒப்பந்தத்தில் இவ்வாறு சேர்ந்தவற்றைப் படைக்கலத் துறையின் ஆய்வாளர்கள் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள். பூட்டில் உள்ள 'டவர்' அந்த ஏற்பாட்டிலிருந்து வந்த பெயர்தான்; தனியார் விற்பனைக்குச் செய்தவற்றிலும் வணிகர்கள் அதைப் பொறித்தார்கள். அதற்கு மாறாக, 'என்ஃபீல்டு' என்று பொறித்தவை லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலையில், 1850களில் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இயந்திரங்களைக் கொண்டு, ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தும்படி செய்யப்பட்டவை.

அந்தக் குடும்பத்தின் துப்பாக்கியில் மகுடம் இருந்தது. அதன் கீழே விக்டோரியா அரசியைக் குறிக்கும் 'வி.ஆர்.' இல்லை, அரசு உடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறியும் இல்லை. குழலின் இடப்புறத்தில் மகுடத்தோடு கூடிய குறுக்குச் செங்கோல்களும் 'பி.சி.பி.' என்ற எழுத்துகளும் தெரிந்தன. இது 1813 இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையின் (குழல் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதிக்கும் இடத்தின்) முத்திரை. 1904 வரை வழக்கில் இருந்தது. அதன் அருகே துளையளவை அங்குலத்தில் அன்றி, ஒரு பவுண்டு ஈயத்தில் அந்த அளவில் எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்ற கணக்கில் குறிக்கும் 25 என்ற எண் இருந்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், அது படைக்கு வழங்கப்பட்டதன்று, பர்மிங்காம் வணிகர்கள் தனியார் விற்பனைக்குச் செய்தது என்பது தெளிவாகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இரு தரப்பும் இத்தகையவற்றைப் பெருவாரியாக வாங்கின.

பூட்டில் ஆண்டு பொறித்திருந்த இடம் மட்டும் வழுவழுவென்று மின்னியது. வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் காட்டுவதற்காக உப்புத்தாள் கொண்டு தேய்த்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த அந்த ஒரு மாலை வேலையில் இலக்கங்கள் போய்விட்டன, அவற்றை எந்த வேதிப்பொருளாலும் எனக்கு மீட்டுத் தர முடியவில்லை. உடைமையாளரின் முகத்தை அன்று பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் குழலைக் கழற்றியபோது, கட்டைக்குள் மறைந்திருந்த அடிப்பகுதியில் தொழிலாளிகளின் தலைப்பெழுத்துகள் கூர்மையாக இருந்தன. யாருடைய தேய்ப்பும் அங்கே எட்டவில்லை.

வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வழி இன்னும் எளிது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் வரிசை எண்வாரியாகப் பேரேடு வைத்திருப்பதால், எண்ணைக் கொடுத்தால் முதலில் வாங்கியவரைக்கூடக் கண்டறிய வாய்ப்புண்டு. முகவரியும் உதவும்: பர்டியின் கடை 1880களில் ஆக்ஸ்ஃபோர்டு வீதியின் 314½ ஆம் எண்ணிலிருந்து சவுத் ஆட்லி வீதிக்கு மாறியது. முத்திரைகள் பொய் சொல்வதும் உண்டு. விக்டோரியா 1901 சனவரியில் மறைந்தார், 'வி.ஆர்.' என்ற எழுத்துகளோடு 1905 என்ற ஆண்டு இருந்தாலோ, ஆங்கில எழுத்து தலைகீழாகப் பொறித்திருந்தாலோ, அது கைபர் கணவாய்ப் பகுதியில் கையால் செய்யப்பட்ட நகலாக இருக்கக்கூடும்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பவர், அது எவ்வளவு பழையதானாலும், 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் அதற்குரிய நிலை என்ன என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் அதை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கு முதலில் படங்களே போதும். தூசியை மென்மையான துணியால் துடைத்து, விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்திச் சாய்ந்த ஒளியில், பூட்டு, குழலின் இடப்புறம், அடிக்கட்டையின் பித்தளைத் தகடு ஆகியவற்றை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுங்கள்; நேர் ஒளியில் தெரியாத அரை எழுத்துகூட அந்தச் சாய்ந்த நிழலில் எழுந்து தெரியும்.