மரை ஏறினால் மட்டும் போதாது: ஏர் ரைஃபிள் சிலிண்டரில் பிராண்டு கலக்காதீர்கள்

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் ஆடியதைப் பார்த்து, பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் போட்டித் தரத்தில் புது ரைஃபிள் வாங்க லட்சங்கள் வேண்டும். அதனால் பழையது கைமாறி வருகிறது. ரைஃபிள் ஒரு கம்பெனி, குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் இன்னொரு கம்பெனி, அதில் காற்று நிரப்பும்போது மரையில் திருகும் அடாப்டர் எங்கிருந்தோ. சர்வீஸுக்கு என் மேஜைக்கு வரும்போதுதான் இது தெரிகிறது. “சார், மரை நல்லா ஏறுதே, அப்புறம் என்ன?” என்பார்கள்.

எல்லாவற்றிலும் பிராண்டு பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெல்லட், அதாவது சுடும் சின்னக் குண்டு, எந்தக் கம்பெனியாகவும் இருக்கலாம், 4.5 மி.மீ. என்பது பொது அளவு. தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 என்று நூலிழை மாறும். எது உங்கள் பேரலுக்கு ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். குறிபார்க்கும் கருவியான சைட்டில், பின் சைட் உட்காரும் 11 மி.மீ. தண்டவாளமும் பெரும்பாலான போட்டி ரைஃபிள்களில் ஒன்றுதான். முன் சைட்டுக்குள் போடும் வளையங்கள் 18, 22 மி.மீ. அளவுகளில் பொதுவாகக் கிடைக்கும். இதிலெல்லாம் பொருத்தம் தவறினால் புள்ளி போகும், அவ்வளவுதான்.

காற்றழுத்தம் தாங்கும் பாகங்களில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது.

காற்றழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்போம். பைக் டயரில் நாம் அடிப்பது 2 பார் சொச்சம். ரைஃபிள் சிலிண்டரில் பொதுவாக 200 பார், சில மாடல்களில் 300. 200 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 200 கிலோ. மரையின் குறுக்களவு 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அடாப்டரைப் பிய்த்துத் தள்ளப் பார்க்கும் விசை 600 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்குவது சில சுற்று மரைதான். மரையின் இடைவெளி கொஞ்சம் வேறாக இருந்தாலும் முதல் இரண்டு சுற்று சுலபமாகப் போகும். பிறகு இறுகும். “டைட்டாகிவிட்டது” என்று கை நம்பிவிடும். உண்மையில் பாரம் முழுவதும் அந்த இரண்டு சுற்றில் தொங்குகிறது. காற்று நிரப்புகிறவரின் முகம் பெரும்பாலும் அதற்கு நேர் மேலேதான் இருக்கும்.

அடாப்டர் கிடைக்காதவர்கள் லேத் பட்டறைக்குப் போகிறார்கள். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பித்தளையில் அச்சு அசலாகக் கடைந்து கொடுக்கும் கைகள் இந்த ஊரில் நிறைய. அந்தக் கைகள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாதிரியைப் பார்த்துக் கடைபவருக்கு அது எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எந்தத் தரப் பித்தளை, சுவர் எவ்வளவு தடிமன், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளம் எவ்வளவு ஆழம், இவையெல்லாம் தயாரித்த கம்பெனி சோதித்து முடிவு செய்தவை. கண்ணளவில் வராது. கசிகிறதே என்று டெஃப்லான் டேப் சுற்றுவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் இருப்பதால் வடிகட்டிய, ஈரமில்லாத காற்று கிடைப்பது நமக்குக் கிடைத்த வசதி. இந்தக் கடலோர ஈரக்காற்றைக் கைப்பம்பால் அடித்தால் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகும். ஆனால் டைவிங் டேங்கிலும் ஒரு விஷயம் உண்டு. டேங்கின் வாயில் இருக்கும், இணைப்பானை உள்ளே திருகும் டின் (DIN) வகை வால்வு 200 பார், 300 பார் என இரண்டு வகை. மரை இரண்டுக்கும் ஒன்றே. 300 வால்வின் குழி ஆழமானது, அதில் 200 பார் இணைப்பானைத் திருகினால் அடி எட்டாமல் காற்று கசியும். அது குறை இல்லை, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். தடித்த ஓ-ரிங் போட்டு அந்தக் கசிவை ‘சரிசெய்வது’ ஆபத்தை நாமே வரவழைப்பது. ரைஃபிள் சிலிண்டர் அரை லிட்டர்கூட இருக்காது, நொடிகளில் நிரம்பிவிடும். வால்வைத் துளித்துளியாகத் திறந்து அழுத்தம் காட்டும் கேஜ் மீதே கண் வையுங்கள். இணைப்பைக் கழற்றும் முன் இடையில் தங்கிய காற்றை வெளியேற்றிவிட வேண்டும்.

மருத்துவ ஆக்சிஜனை நிரப்பலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு உயர் அழுத்த ஆக்சிஜனில் தானே தீப்பிடிக்கும்.

பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் பேரலைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்திருக்கும் மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் தருவது தயாரித்த நாளிலிருந்து 10 வருடம். 2014-ல் செய்தது 2024-லேயே முடிந்துவிட்டது, வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். சர்வதேச விதிப்படி சிலிண்டரின் காலாவதிக்கு வீரரே பொறுப்பு, உபகரணச் சோதனையில் அதைப் பார்க்கலாம். தேதி அழிந்து படிக்க முடியாவிட்டால் காலாவதியானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரைஃபிளின் விலையோடு அதே கம்பெனியின் புது சிலிண்டர், அடாப்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு பேரம் பேசுங்கள். காலாவதியான சிலிண்டரை அடுத்தவருக்கு விற்காதீர்கள். காற்றை முழுவதும் இறக்கி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, மறுபடி யாரும் நிரப்ப முடியாதபடி துளை போட்டுவிடச் சொல்லுங்கள்.