26 வாரத்தில் எட்டை முன்னாலேயே தொலைக்காதீர்கள்

முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். வயிற்றுப்போக்கு, நிமோனியா இரண்டையும் தடுக்க அது பெரிய உதவி. ஆஸ்பத்திரியில் இதைத் தவறாமல் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த ஆறு மாதம் எங்கிருந்து கிடைக்கும் என்று ஆபீசில்தான் யாரும் சொல்வதில்லை.

1961 மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தம், 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எனப் பெயர் மாறினாலும் உரிமை ஒன்றுதான்: உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், பிரசவத்துக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு.

"டெலிவரிக்கு முன்னாடியே எட்டு வாரம் போட்டுடுங்கம்மா" என்பார்கள் ஆபீசில். எட்டு வாரம் என்பது உச்சவரம்பு, கட்டாயமில்லை. அதை எடுத்துவிட்டால் மீதி 18 வாரம்தான். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததும் புட்டிப்பால் ஆரம்பமாகிவிடும். உடம்பு இடம்கொடுத்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பிரசவ தேதியை ஒட்டி விடுப்பைத் தொடங்குங்கள்.

அடுத்தது 80 நாள் கணக்கு. பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அவ்வளவு நாள் வேலை பார்த்திருந்தால் இந்த விடுப்புக்குப் போதும். தினக்கூலிக்கு இது கிடையாது என்று விரட்டினால் நம்பாதீர்கள். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் அந்த 80-ல் சேரும். அதைக் கழித்துவிட்டு "நாள் குறையுது" என்பது பழைய தந்திரம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருந்தால் வழி வேறு. பணம் அங்கிருந்துதான் வரும்.

சரி, வேலைக்குத் திரும்பியாயிற்று. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. சாப்பாட்டு நேரத்திலேயே முடித்துக்கொள் என்று சொல்ல முடியாது, இது அதற்கு மேல் தனி. இதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். உணவு இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை போய் வரலாம். "இங்கே பெண்களே பத்துப் பேர்தான்" என்ற பதில் செல்லாது, ஆண்களையும் சேர்த்துத்தான் அந்த 50.

எதையும் வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். அங்கேயும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளம்ப வேண்டாம்.