செவித்திறன் பயிற்சி அல்ல, கேட்டல் பயிற்சி

'வீட்டு அடிப்படையிலான செவித்திறன் பயிற்சி' என்ற தலைப்போடு இன்னொரு துண்டறிக்கை கைக்கு வந்திருக்கிறது. காது சரியாகக் கேட்காத குழந்தைகளுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்கும் பெற்றோர் வீட்டிலேயே தரக்கூடிய பயிற்சியைப் பற்றியது. உள்ளே இருக்கும் செய்திகள் நல்லவை. தலைப்புதான் தவறு. அதைப் படித்த ஒரு தாய் என்னிடம், "இதை ஒழுங்காகச் செய்துவந்தால் காது மெஷினைக் கழற்றிவிடலாம்தானே?" என்று கேட்டார். அவர் மேல் பிழையே இல்லை. பிள்ளைக்குச் செவித்திறன் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். செவித்திறனுக்குப் பயிற்சி என்று தாள் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எவரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

ஆங்கிலத்தில் இதை 'ஆடிட்டரி டிரெய்னிங்' என்றும் 'லிசனிங் டிரெய்னிங்' என்றும் சொல்கிறார்கள். முதலாவதன் வேர் 'ஆடீரே' என்னும் இலத்தீன் வினை. கேட்டல் என்று பொருள். கணக்குத் தணிக்கையைக் குறிக்கும் 'ஆடிட்'டும் அதே வேரில் பிறந்ததுதான். அந்தக் காலத்தில் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டுச் சரிபார்த்தார்கள். ஆக, மூலச் சொல்லின் உள்ளே இருப்பது கேட்டல் என்னும் வினை. காது என்னும் உறுப்பும் இல்லை, அதன் திறனும் இல்லை.

பயிற்சியின் வரலாறு சற்று நீளமானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் இதார் என்ற மருத்துவர் காது கேளாத மாணவர்களுக்கு ஒலிகளைப் பழக்கிப் பார்த்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் உர்பான்சிச் இதையே முறையாகச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் காது பழுதான அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கருவி பொருத்தி, அதன் வழியே வரும் ஒலியைப் புரிந்துகொள்ளப் பழக்கியவர் ரேமண்ட் கார்ஹார்ட். இன்றைய பயிற்சிகள் பெரும்பாலும் கார்ஹார்ட்டின் வழி வந்தவை. காதுக்கு வேண்டிய ஒலியைக் கருவி கொண்டுவந்து சேர்க்கும். வந்த ஒலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைத்தான் பயிற்சி கற்றுத்தரும்.

செவித்திறன் என்ற சொல்லோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அது நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. எவ்வளவு மெல்லிய ஒலி வரை ஒருவர் காதில் விழுகிறது என்பதை டெசிபல் கணக்கில் அளந்து சொல்கிறோமே, அந்த அளவுக்குப் பெயர் செவித்திறன். செவித்திறன் குறையுடையோர் என்று அரசு ஆவணங்கள் எழுதுவதும் அந்தப் பொருளில்தான். ஒலியை உணரும் உட்செவியின் மயிர்ச்செல்கள் சிதைந்துவிட்டால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் அந்த அளவு மாறாது. மாறாத ஒன்றின் பெயரைப் பயிற்சியின் தலையில் சூட்டினால், நடக்காத ஒன்றை நடக்கும் என்று உறுதி கூறுவதாகிவிடும்.

'கேட்பதும் ஒரு திறன்தானே, செவியின் திறன் என்று பிரித்துப் பொருள் கொள்ளக் கூடாதா?' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வாதிட்டார். சொல்லைத் தனியே மேசைமேல் வைத்துப் பார்த்தால் கொள்ளலாம். ஆனால் பெற்றோர் சொல்லைத் தனியே பார்ப்பதில்லை. மருத்துவ அறிக்கையில் ஒரு பொருளிலும், மறுநாள் வாங்கும் துண்டறிக்கையில் வேறு பொருளிலும் அதே சொல் வந்தால், முதலில் கேட்ட பொருள்தான் மனத்தில் நிற்கும்.

செவிப்புல வல்லுநர் நார்மன் எர்பர் 1982-இல் வகுத்துத் தந்த நான்கு படிகளைப் பார்த்தாலே இது விளங்கும். ஒலி வந்ததா இல்லையா என்று உணர்தல் முதற்படி. இரண்டு ஒலிகள் ஒன்றா வேறா என்று பிரித்தறிதல் அடுத்தது. இன்ன சொல் என்று இனங்காணுதல் மூன்றாவது. சொன்னதன் பொருளைப் பற்றிக்கொள்ளுதல் கடைசி. இவற்றில் செவித்திறன் நேரடியாகப் பேசப்படுவது முதற்படியில் மட்டுமே. மற்ற மூன்றும் மூளையின் வேலை. வாசிப்பில் தடுமாறும் குழந்தைகள் பலருக்குச் செவித்திறன் முழுமையாக இருக்கிறது. சோதனையில் எல்லா ஒலிக்கும் கை தூக்குவார்கள். படம், பாடம் என்ற இரண்டையும் சொல்லிவிட்டு இரண்டும் ஒன்றா என்று கேட்டால் திணறுவார்கள். அவர்களுக்குத் தரும் பயிற்சிக்குச் 'செவித்திறன் பயிற்சி' என்று பெயர் வைப்பதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

வீட்டில் நடப்பதைச் சற்று அருகிருந்து பார்க்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, தாய் குழந்தையின் பக்கவாட்டில் அமர்கிறார். எதிரே கல்லின் படமும் பல்லின் படமும். தாய் ஒரு சொல்லைச் சொல்ல, குழந்தை உரிய படத்தை எடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து சொன்னால் 'ப' என்னும்போது உதடு மூடித் திறப்பதைப் பார்த்தே குழந்தை விடை சொல்லிவிடும். பக்கவாட்டில் அமர்வது அதனால்தான். கையால் வாயைப் பொத்திக்கொண்டால் ஒலியே மங்கிவிடும், அதுவும் ஆகாது. கல்லும் பல்லும் பழகிய பின் தலை, தளை. அதன் பிறகு மின்விசிறியை ஓடவிட்டு அதே விளையாட்டு. படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு, மரம் என்பதில் முதல் எழுத்தை மாற்றி வரம், கரம் என்று சொல்லச் சொல்லி, உடனே எழுத்தட்டையிலும் மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். ஒலிப் பயிற்சியை எழுத்தோடு இணைத்தால் வாசிப்புக்குக் கூடுதல் பயன் உண்டு என்று அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. இத்தனையிலும் குழந்தை செய்வது ஒன்றே ஒன்று: கேட்கிறது, கேட்டதைப் பிரித்தறிகிறது.

இன்னொரு சொல்லும் உலவுகிறது: 'ஒலிச் சிகிச்சை'. இது செவித்திறன் பயிற்சியைவிடக் கெட்டது. பிரான்சின் காது மருத்துவர் அல்ஃப்ரட் தொமாத்தியும் அவருக்குப் பின் கீ பெரார்டும், வடிகட்டிய இசையைக் காதொலிப்பானில் கேட்கவைத்தால் குழந்தைகளின் பல குறைகள் தீரும் என்று முறைகள் வகுத்தார்கள். பெரார்டின் முறை அறிவியல் தரத்துக்கு ஏற்ப மெய்ப்பிக்கப்படவில்லை என்று அமெரிக்காவின் பேச்சு, மொழி, செவிப்புல வல்லுநர் சங்கம் 2004-இலேயே சொல்லிவிட்டது. 1990-களில் பெரும் ஆரவாரத்தோடு வந்த ஃபாஸ்ட் ஃபோர்வேர்ட் என்ற கணினிப் பயிற்சி வாசிப்பை மேம்படுத்தியதற்குச் சான்று இல்லை என்று 2011-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அம்மாவும் பிள்ளையும் படம் வைத்து விளையாடுவதையும் இவற்றையும் ஒரே 'சிகிச்சை'ப் பெயரில் கட்டினால், விலை கொடுத்து வாங்கும் பொட்டிதான் பெற்றோர் கண்ணுக்கு உயர்ந்ததாகத் தெரியும். சிகிச்சை என்ற சொல்லுக்கு அப்படி ஒரு கவர்ச்சி உண்டு.

அப்படியானால் சரியான சொல் எது? செவிமடுத்தல் என்று பலர் சொல்வார்கள். அழகான சொல். மடுத்தல் என்றால் உண்ணுதல், நிறைத்தல். காதால் உள்வாங்குவது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழில் அது இயல்பாகவும் புழங்குகிறது. அங்குள்ளோர் செவிமடுத்தல் பயிற்சி என்று எழுதினால் நான் மறுக்கமாட்டேன். ஆயினும் என் தேர்வு கேட்டல் பயிற்சிதான். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற வரிசை பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். அந்த வரிசையில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதே இந்தப் பயிற்சியின் அடிப்படை.

கேட்டல் என்பது காதில் விழுவதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும், ஆகவே தெளிவில்லை என்பது இதற்கு எதிரான வாதம். 'கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி' என்ற 418-ஆம் குறளை அப்படி வாதிடுவோர் மறந்துவிட்டார்கள். ஓசை காதில் விழுந்தாலும், கேள்வியால், அதாவது கேட்டுப் பெறும் அறிவால், துளைக்கப்படாத செவி கேளாச் செவியே. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு என்ற வேறுபாட்டை ஒரே வினையைக்கொண்டு ஏழு சீரில் சொல்ல முடிந்த மொழி இது. பொருளைப் பிரித்துக் காட்டுவது இடம். இடம் தெளிவாக இருந்தால் சொல் குழப்பாது. 'கேள்விப் பயிற்சி' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். இன்று அது வினாத்தாளைத்தான் நினைவூட்டும்.

தூய தமிழில் எனக்குப் பற்று உண்டு. ஆனால் இந்தத் துறையில் அதற்கும் எல்லை வேண்டும். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று அன்றாடம் வீட்டிலேயே பார்க்க காது கேளாத குழந்தைகளின் பேச்சுக் கல்வியில் வல்லுநரான டேனியல் லிங் தந்த ஆறு ஒலிகள் இருக்கின்றன: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சுருதி ஒலியிலிருந்து உயர்ந்த சுருதி ஒலிவரை பேச்சின் பரப்பு முழுவதையும் இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. ஸ் ஒலி ஷ் ஒலியைவிட உயர்ந்தது. ஷ் கேட்டு ஸ் கேட்காத குழந்தைக்கு எந்த இடத்தில் ஒலி நழுவுகிறது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். கிரந்த எழுத்து ஆகாது என்று இரண்டையும் 'ச்' ஆக்கினால் சோதனையே பாழாகிவிடும். இங்கே எழுத்தைக் காப்பதைவிட ஒலியைக் காப்பது முதன்மையானது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. 'வீட்டு அடிப்படையிலான' என்று தமிழில் யார் பேசுகிறார்கள்? வீட்டில் செய்யும் பயிற்சி, வீட்டுப் பயிற்சி என்றால் போதாதா? காது நன்றாக இருந்தும் இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிய முடியாத நிலைக்குச் 'செவிப்புலச் செயலாக்கக் கோளாறு' என்று ஒரு தொடரை ஆக்கி வைத்திருக்கிறார்கள். செயலாக்கம் என்றால் திட்டத்தை நிறைவேற்றுவது என்றுதான் செய்தித்தாள் படிக்கிறவர் புரிந்துகொள்வார். கோளாறு என்றதும் காதில் ஏதோ உடைந்துவிட்டதாக அஞ்சுவார். 'கேட்டறிதலில் இடர்ப்பாடு' என்று எழுதலாம். கேட்டறிதல் என்பதில் கேட்டலும் இருக்கிறது, அறிதலும் இருக்கிறது; தடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது விளங்கும். தலைப்பை 'வீட்டில் கேட்டல் பயிற்சி' என்று மாற்றி, கருவி அணியும் குழந்தைகள் கருவியை அணிந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.