சரிவுமுனை: சுறாவைத் தாண்டிய தொடர்களுக்கு ஒரு தமிழ்ச்சொல்

‘ஜம்பிங் த ஷார்க்’ என்ற ஆங்கில வழக்குக்கு நேர்ப்பொருள் சுறாவைத் தாண்டுதல். ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொலைக்காட்சித் தொடர் எந்த இடத்தில் சரியத் தொடங்கியதோ, அந்த இடத்துக்கு இது பெயர். இன்று பலரும் ‘தொடர் மோசமாகிவிட்டது’ என்ற பொத்தாம்பொதுவான பொருளில் இதைப் புழங்குகிறார்கள். அது சொல்லின் பாதிப் பொருளைக்கூடத் தரவில்லை. சோர்வான வாரங்கள் எந்த நல்ல தொடருக்கும் உண்டு. அடுத்த வாரமே அது எழுந்து நின்றுவிடும். சுறாவைத் தாண்டிய தொடர் மட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அது திரும்பவில்லை என்பதும் சில ஆண்டுகள் கழித்துப் பின்னோக்கிப் பார்க்கும்போதுதான் உறுதிப்படும்.

சுறா வந்த கதை இது. ‘ஹேப்பி டேஸ்’ அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1974-இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர். 1950-களின் மில்வாக்கி நகரத்துக் குடும்பம் ஒன்றும் அதைச் சுற்றியுள்ள இளைஞர்களும்தான் கதை. அதில் தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளுமாக வரும் ஃபான்ஸி என்ற பாத்திரம், ஹென்றி விங்க்ளரின் நடிப்பால் தொடரின் நாயகனாகவே ஆகிவிட்டது. ஐந்தாவது பருவத்தின் (சீசன்) தொடக்கத்தில் எல்லோரும் கலிஃபோர்னியாவுக்குப் போகிறார்கள். 1977 செப்டம்பர் 20 அன்று ஒளிபரப்பான பகுதியில், ஒரு சவாலுக்காக ஃபான்ஸி நீச்சல் கால்சட்டையும் அதே தோல் ஜாக்கெட்டும் அணிந்து, நீர்ச்சறுக்குப் பலகையில் வேகமாக வந்து, வலைக்குள் அடைத்து வைத்த சுறா ஒன்றைத் தாண்டுகிறார். சுறாவைத் திகிலாகக் காட்டி ‘ஜாஸ்’ படம் உலகையே மிரட்டி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. விங்க்ளருக்கு நீர்ச்சறுக்கு உண்மையிலேயே நன்றாக வரும். தாண்டும் காட்சியைத் தவிர மற்றவற்றை அவரே செய்தார்.

இந்தச் சொல்லை விளக்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. ஃபான்ஸி தாண்டியது அது முதல் முறையன்று. 1975-இல் வந்த பகுதியில் மோட்டார் சைக்கிளில் 14 குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, விழுந்து அடிபடுகிறார். வீரனென்று பெயர் எடுக்க ஆசைப்பட்ட இளைஞனின் அச்சமும் அசட்டுத்தனமும் அந்தக் கதையில் இருந்தன; விழுந்த பிறகு அவன் கொஞ்சம் வளர்ந்தான். சுறாவைத் தாண்டியவனிடம் அந்த வளர்ச்சியின் சுவடே இல்லை. தாண்டுவதற்குக் கதைக்குள் காரணம் இருந்தவரை தொடர் உயிரோடிருந்தது. காரணம் போய்த் தாண்டல் மட்டும் மிஞ்சியபோது சரிவு தொடங்கியது. சொல்லின் உயிர்ப்பொருள் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் காட்சி வந்த உடனே இந்த வழக்கு பிறந்துவிடவில்லை. 1985-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹைனும் அறைத்தோழர்களும், தங்களுக்குப் பிடித்த தொடர்கள் எப்போது கெட்டுப்போயின என்று பேசிக்கொண்டிருந்தபோது, தோழர் ஒருவர் ஃபான்ஸி சுறாவைத் தாண்டியதைச் சொன்னார். அவர்களுக்குள் அதுவே குறிச்சொல்லாயிற்று. 1997-இல் ஹைன் இதே பெயரில் ஓர் இணையதளம் தொடங்கிய பிறகு சொல் ஊரெல்லாம் பரவியது.

அந்தப் பகுதியை எழுதிய ஃப்ரெட் ஃபாக்ஸ் ஜூனியர் 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் தன் பக்கத்து நியாயத்தை எழுதினார். அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் 3 கோடிக்கும் மேல்; தொடரோ 1984 வரை ஓடியது; பிறகு எப்படி அதைச் சரிவு என்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பார்வையாளர் எண்ணிக்கை வேறு, கதையின் உயிர் வேறு. பழகிய முகங்களைப் பார்க்க மக்கள் வருவார்கள், ஆண்டுக்கணக்கில் வருவார்கள். அந்த அன்பை வைத்து ஓர் எழுத்தாளர் நன்றாக எழுதுகிறாரா என்று அளக்க முடியாது.

துப்பறியும் தொடருக்கு இந்தச் சொல்லைப் பொருத்தும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். குடும்பக் கதையில் சரக்கு தீர்ந்துபோவது எளிது. துப்பறியும் கதைக்கோ வாரந்தோறும் புதிய பிணம், புதிய கேள்வி. அப்படிப்பட்ட தொடர் ஏன் சரிய வேண்டும்? ‘சிஎஸ்ஐ’ இதற்கு நல்ல விடை தருகிறது. லாஸ் வேகஸ் தடய ஆய்வாளர்களைப் பற்றிய அந்தத் தொடர் 2000 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 15 பருவங்கள், 337 பகுதிகள் என்று 2015 வரை ஓடியது. அதன் பலம் துப்பாக்கியிலோ துரத்தலிலோ இல்லை. பூச்சியியல் அறிஞரான கிரிசம், சடலத்தில் மொய்க்கும் புழுவைப் பார்த்து இறந்த நேரத்தைக் கணிப்பார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், தடயம் சொல்லாது என்ற நம்பிக்கைதான் தொடரின் முதுகெலும்பு.

2005 மே மாதம் ஐந்தாம் பருவத்தின் இறுதிப் பகுதியை க்வென்டின் டரன்டினோ இயக்கினார். ஆய்வாளர் நிக் ஸ்டோக்ஸை ஒருவன் கடத்தி, ஒளி ஊடுருவும் பெட்டியில் வைத்து உயிரோடு புதைத்துவிடுகிறான். பிரபல இயக்குநர், புதைகுழி, நேரம் போய்க்கொண்டிருக்கும் பதற்றம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் சுறாவின் எல்லா அடையாளங்களும் அதில் உண்டு. ஆனாலும் அது தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. காரணம், பெட்டிக்குள் நிக்கைக் கடிக்கும் எறும்புகள். அவை என்ன இனம் என்று கிரிசம் கண்டுகொள்கிறார். அந்த இனம் எங்கே இருக்கும் என்பதிலிருந்து இடம் பிடிபடுகிறது. எவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டத்துக்கு நடுவிலும் தொடர் தன் தொழிலையே செய்தது.

அதற்குப் பிறகு ஆய்வாளர்களையே பலியாக்குவது ஒரு பழக்கமாயிற்று. 2007-இல் சாரா சைடிலைப் பாலைவனத்தில் கவிழ்ந்த காரின் அடியில் சிக்கவைத்தார்கள். 2008-இல் வாரிக் பிரவுனைக் காவல்துறை மேலதிகாரி ஒருவரே சுடுகிறார். கிரிசமின் கைகளில் அவர் உயிர் போகிறது. முதல் பகுதியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஆய்வாளரைத் தனியே விட்டுச் சென்று, அவர் சுடப்பட்டுச் சாகக் காரணமான குற்றவுணர்வைச் சுமந்த பாத்திரம் வாரிக். அந்தப் பெண்ணின் மரணம் ஒரு கதையைத் தொடங்கிவைத்தது. வாரிக்கின் மரணம், நடிகர் விலகியதால் விழுந்த இடைவெளியை அடைக்க வந்தது. அது பார்ப்பவருக்குத் தெரிந்துபோகிறது.

இந்த விலகல்களுக்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. கலிஃபோர்னியா சட்டப்படி ஒருவரின் உழைப்புக்கான ஒப்பந்தம் அவரை 7 ஆண்டுகளுக்கு மேல் கட்டிப்போடாது. வெற்றிபெற்ற தொடர் எட்டாவது பருவத்தைத் தொடும்போது நடிகர்கள் சம்பளத்தை உயர்த்திக் கேட்கலாம், அல்லது போய்விடலாம். ஆண்டுக்கு 20-க்கும் மேற்பட்ட பகுதிகள் எழுதிக் களைத்த எழுத்தாளர்கள் அப்போது பாத்திரங்களை அனுப்பிவைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

2009 ஜனவரியில் கிரிசமாக நடித்த வில்லியம் பீட்டர்சன் விலகி, அந்தப் பாத்திரம் விடைபெற்றதையே பலரும் ‘சிஎஸ்ஐ’யின் சுறா என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஓர் இழப்பு; ஆனால் தொடரின் இயல்புக்கு மாறானதன்று. அவர் இடத்துக்கு லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் நடித்த ரே லாங்ஸ்டன் வந்தார். தொடர் கொலையாளி நேட் ஹாஸ்கல் 2010-இல் லாங்ஸ்டனைக் கத்தியால் குத்துகிறான். 2011-இல் லாங்ஸ்டன் அவனைக் கொன்றுவிடுகிறார். தடயத்தை மட்டுமே நம்பச் சொல்லி பத்தாண்டுகளாக நமக்குக் கற்றுக்கொடுத்த தொடரில், வழக்கு கைகளால் தீர்க்கப்படுகிறது. எறும்புக்கு அங்கே வேலையே இல்லை. என் கணக்கில் ‘சிஎஸ்ஐ’ தாண்டிய சுறா அதுதான். அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் ஓடியது.

இதைத் தமிழில் என்ன சொல்லலாம்?

‘சுறா தாண்டல்’ என்று அப்படியே பெயர்த்து எழுதுகிறவர்கள் உண்டு. முன்கதை தெரியாதவருக்கு அது எதையும் சொல்லாது. போதாக்குறைக்குச் சுறா நமக்கு வேறோர் உறவு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால் சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுக்கும் கடற்கரை நம்முடையது. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை அதில் நிறுத்தி வழிபடுகிறார்கள். வீண் சாகசத்தின் சின்னமாகச் சுறா தமிழ் மனத்தில் உட்காராது.

நம் வீடுகளில் தொடர் பார்ப்பவர்கள் சொல்வது ‘ஜவ்வு மாதிரி இழுக்கிறாங்க’. அருமையான வழக்கு, ஆனால் அது வேகக் குறைவைச் சொல்வது. சுறாவைத் தாண்டும் தொடர் மந்தமாக இருக்காது, வழக்கத்தைவிடப் பரபரப்பாகவே இருக்கும். ‘சரக்கு தீர்ந்துபோச்சு’ என்பது சரிவின் காரணத்தைச் சொல்கிறது. ‘கழுதை தேய்ந்து கட்டெறும்பானது’ முழுச் சரிவையும் காட்டுகிறது. எந்த நாளில் தேயத் தொடங்கியது என்று காட்டுவதில்லை. விமர்சனங்களில் அடிக்கடி வரும் ‘தடம்புரண்டது’ நெருங்கி வருகிறது. ஆனால் தடம்புரண்ட ரயில் அங்கேயே நின்றுவிடும். இந்தத் தொடர்களோ அதே தண்டவாளத்தில், அதே நேரத்துக்கு, இன்னும் பல ஆண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

நமக்கு ஏற்கெனவே ‘திருப்புமுனை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் புரிந்துகொள்வது. அதே வார்ப்பில் ‘சரிவுமுனை’ என்பதை நான் முன்வைக்கிறேன். முனை என்பதில் அந்த ஒற்றைக் கணம் கிடைக்கிறது. சரிவு என்பதில் அதற்குப் பின் வரும் நெடும்பயணம் கிடைக்கிறது. வினையாக வேண்டுமென்றால் ‘சரிவுமுனையைத் தாண்டிவிட்டது’ எனலாம். ஆங்கில மூலத்தின் தாண்டலும் அதில் தங்கிவிடுகிறது. ‘இந்தத் தொடரின் சரிவுமுனை எது?’ என்று கேட்டால் விளக்கவுரை இல்லாமலே யாரும் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இறுதிப் பகுதியைச் சரிவுமுனை என்று அழைப்பது பிழை. சரிவதற்கு அதன் பிறகு ஏதாவது இருக்க வேண்டும். ‘டெக்ஸ்டர்’ தொடரைப் பேசும்போது இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. மயாமி காவல்துறையில் இரத்தக்கறை ஆய்வாளராக இருந்துகொண்டே கொலையாளிகளைக் கொல்லும் ஒருவனின் கதை அது. 2006 முதல் 2013 வரை 8 பருவங்கள். கடைசிக் காட்சியில் அவன் எங்கோ தொலைதூரத்தில் மரவெட்டியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு கொதிக்காத ரசிகர் குறைவு. ஆனால் அந்த ஏமாற்றத்தின் விதை 2011-இல், ஆறாம் பருவத்தில் விழுந்தது. வளர்ப்பு அண்ணனான டெக்ஸ்டர் மீது தனக்குக் காதல் இருப்பதாகத் தங்கை டெப்ரா அப்போது எண்ணத் தொடங்குகிறாள். அதுவரை அண்ணன் யாரென்று அவளுக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்ற ஒற்றைக் கேள்விதான் ஒவ்வொரு பருவத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் உண்மையைப் பார்க்கும் நாள் நெருங்கிய வேளையில், ஐந்து ஆண்டுகள் காத்திருந்த கேள்வியின் மேல் யாரும் கேட்காத இன்னொன்றை ஏற்றிவைத்தார்கள். ‘டெக்ஸ்டர்’ சரிவுமுனையைத் தாண்டியது அங்கேதான்.