பல்கலைக்கழகத்தில் வேலையா? அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்

போன மாதம் ஒரு ஆய்வுத் திட்டத்துக்கு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) நேர்முகத் தேர்வு. இடம் ஒன்றுதான், வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். தென்காசிப் பக்கமிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருந்த ஒரு பெண், சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் ஃபைலை நீட்டிக்கொண்டே, "சார், இது பர்மனென்ட் ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆகாதும்மா. திட்டம் முடியும்வரைக்கும்தான்."

முகம் வாடிவிட்டது. அறிவிப்பிலேயே அது இருந்தது. சம்பளத் தொகையைப் பார்த்ததோடு படிப்பதை நிறுத்தியிருக்கிறார். ஆராய்ச்சித் திட்டப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இதை நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன்.

திட்டப் பணி என்பது இதுதான்: ஒரு பேராசிரியர் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கோ ஐ.சி.எம்.ஆர்.க்கோ (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்புவார். பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு நிதி ஒதுக்குவார்கள். கருவி, ரசாயனம், பயணம் எல்லாவற்றோடு ஆள் சம்பளமும் அந்த நிதிக்குள் அடக்கம். நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. பல்கலைக்கழகம் உங்களை எடுத்துக்கொள்ளாது.

தொகை மோசமில்லை. 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சியாளர்) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இதற்கு நெட், கேட் மாதிரி தேசிய அளவிலான தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர்களைத் திட்ட உதவியாளராக எடுப்பதுண்டு, தொகை குறையும். அறிவிப்பில் 'தொகுப்பூதியம்' என்று இருந்தால் வேறு படி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பிள்ளைகள் அடிபடுவது வேறு இடத்தில். பணம் தவணையாகத்தான் வரும். மார்ச் 31-இல் கணக்கு முடித்து, பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, நிதி கொடுப்பவர்கள் அதைப் பார்த்த பிறகே அடுத்த தவணை. ஒரு கையெழுத்து நின்றாலும் மூன்று நாலு மாதம் சம்பளம் வராது. மெஸ் பில் கட்ட முடியாமல் என் மேசை முன்னால் நின்று அழுத ஆய்வாளர்கள் உண்டு. அதனால் நேர்முகத்திலேயே கேளுங்கள்: திட்டம் எப்போது ஆரம்பித்தது, எத்தனை மாதம் பாக்கி, இந்த வருஷத் தவணை வந்துவிட்டதா? இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எட்டு மாதம்தான் பாக்கி என்றால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் பாக்கி இருப்பதைச் சொன்னேன். அதே ஆய்வில் பிஎச்.டி. பதிவு செய்ய வழி உண்டா என்று உள்ளே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார்.

அலுவலகப் பணி வேறு கதை. இளநிலை உதவியாளரோ உதவிப் பதிவாளரோ, நிரந்தர இடம் என்றால் அறிவிப்பு, இட ஒதுக்கீட்டு வரிசை, தேர்வு, சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக் குழு) ஒப்புதல் என்று படிப்படியாக வர வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெரியவர் மகனுக்கு வந்த பணி நியமன ஆணையை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முத்திரை அச்சு அசலாக இருந்தது. அதிலிருந்த அனுப்புகை எண் எங்கள் பதிவேட்டில் இல்லை. தரகரிடம் கொடுத்த பணத்துக்காக நகையை அடகு வைத்திருந்தார்.

அப்படி யாராவது ஆணையைக் காட்டிப் பணம் கேட்டால், நகலோடு நேரே பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள். பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.