அஷ்டமி நவமியில் படகு ஏறலாம்

"அண்ணே, இந்த ஞாயிறு அஷ்டமியாம், வீட்ல வேண்டாங்கிறாங்க. அடுத்த ஞாயிறு பௌர்ணமி, அன்னைக்கு வெச்சுக்கலாமா?" மும்பை செம்பூரிலிருந்தோ நவி மும்பை நெருளிலிருந்தோ மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு போன் வந்துவிடும். வீட்டு விசேஷத்துக்கு பௌர்ணமி பாருங்கள் தம்பி, என் படகுக்கு அஷ்டமிதான் நல்ல நாள் என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

மும்பை வெர்சோவா பக்கம் 22 அடி ஃபைபர் படகில் வார இறுதிகளில் தூண்டில் போட ஆட்களைக் கூட்டிப் போவது என் தொழில், 14 வருடம் ஆகிறது. அப்பா தூத்துக்குடியில் வல்லம் ஓட்டியவர். காற்றையும் அலையையும் அவரிடம் கற்றேன். ஆனால் மும்பைக்கு வந்தபோது ஒரு விஷயத்தில் நான் கைநாட்டு. தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, சென்னையிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் நம் ஆட்களுக்கு, கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும்கூட, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துப் படகு எடுக்கும் பழக்கம் கிடையாது. மும்பையில் பெரிய வெள்ளம், அதாவது பெரிய கடல் ஏற்றம், வருகிற நாட்களில் ஆறு மணி நேரத்துக்குள் நாலு மீட்டருக்கு மேல் இறங்கும். ஒரு மாடி உயரத்துக்கு மேல். அத்தனை தண்ணீரும் நாங்கள் படகில் போய்வரும் கழிமுகம் வழியாகத்தானே வெளியே போயாக வேண்டும்?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய வெள்ளத்தை இங்கே கோளிகள், அதாவது மும்பை மீனவர்கள், உதாண் என்பார்கள், அஷ்டமி நவமியை ஒட்டிய சின்ன ஏற்ற இறக்கத்தை பாங்க் என்பார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலேயே பாதி விடை இருக்கிறது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று பகல் உச்சி வெள்ளம் நண்பகல் 12 மணியை ஒட்டி வரும், அதற்கப்புறம் சாயங்காலம் 6 மணி வாக்கு வரை வற்றிக்கொண்டே இருக்கும். அஷ்டமிவாக்கில் இது அப்படியே தலைகீழ்: நண்பகலில் கடல் வற்றிக் கிடக்கும், பிற்பகல் முழுக்க ஏறும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இது கைக்கணக்குதான், கிளம்புகிற நாளுக்கான சரியான நேரத்தை டைடு டேபிளில், அதாவது ஏற்ற வற்ற அட்டவணையில், பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது காற்றை இதோடு சேர்த்துப் பாருங்கள். அக்டோபர் முடிந்து மே வரை மும்பையில் காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று, கடல் எண்ணெய் ஊற்றினமாதிரி கிடக்கும். கோளிகள் இதை மத்லய் வாரா என்பார்கள். நண்பகல் நெருங்க நெருங்க அது செத்து, மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காரா வாரா, அதாவது கடற்காற்று எழும். 2 மணிக்கு மேல் அதுதான் ராஜா. பௌர்ணமி அன்று பிற்பகலில் கழிமுகத்திலிருந்து தண்ணீர் மேற்கே பாய்கிறது, காற்று மேற்கிலிருந்து அதன் முகத்தில் அடிக்கிறது. எதிர்த்தண்ணீரில் அலை குறுகி, செங்குத்தாகி, முகத்துவாரத்து மணல்மேட்டின் மேல் வந்து உடையும். வெளிக்கடலில் அரை மீட்டராக இருந்த அலை அங்கே ஆளைப் புரட்டும் அலை ஆகிவிடும். அதே 3.30 மணி, அதே காற்று, ஆனால் அஷ்டமி என்றால் தண்ணீரும் காற்றும் ஒரே பக்கம் போகும், படகு வீட்டுக்குத் தானாகவே வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், ஏப்ரல் மாதம், பௌர்ணமி. காலை 7 மணிக்கு நாலு பேரோடு போனேன். 12.30க்குத் திரும்பியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ராவஸ் கடிக்க ஆரம்பித்தது, நம்மூரில் காலா என்போமே அதுதான். "இன்னும் ஒரு மணி நேரம் அண்ணே" என்றார்கள், எனக்கும் ஆசை, ஒரு மணி நேரம் மூன்று மணி நேரம் ஆனது. முகத்துவாரத்துக்கு வந்தபோது மணி 3.30. வற்றத்தில் மூன்றாவது, நாலாவது மணிதான் மோசம். மொத்த இறக்கத்தில் பாதி அந்த இரண்டு மணி நேரத்திலேயே இறங்கிவிடும், நாலு மீட்டர் இறங்க வேண்டிய நாளில் இரண்டு மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் உடைகிற அலையின் முதுகுதான் கடல் பக்கமிருந்து தெரியும், அதன் முகம் கரையைப் பார்த்து இருக்கும். உள்ளே நுழைந்தேன். பின்னால் வந்த அலை அமரத்தை, படகின் பின்பக்கத்தை, தூக்கியது, அடுத்தது நேராக இஞ்சின் மேலேயே ஏறி உள்ளே விழுந்தது. இஞ்சின் நின்றது. படகு குறுக்கே திரும்பியது. நங்கூரத்தைத் தள்ளிவிட்டேன், பாறைக்கு ஐம்பது அடி இருக்கும்போது அது பிடித்தது. ஒரு கோளிப் படகு வந்து கயிறு போட்டு இழுத்தது. அந்தப் படகை ஓட்டிய தண்டேல் என்னைத் திட்டிய மராத்தி வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, எல்லாமே எனக்குத் தகும்.

அதனால்தான், காலையில் கரையில் நின்றுகொண்டு "கடல் தட்டுமாதிரி இருக்கே, போலாம்" என்கிறவரை நான் நம்புவதில்லை. காலைக் கடல் எல்லோருக்கும் நல்லதுதான். திரும்பி முகத்துவாரத்துக்குள் நுழையும் மணியில் தண்ணீர் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், இதை முதலில் எழுதிக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்பும் நேரத்தை வைக்கிறேன்.

முன்னறிவிப்பு பார்க்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, "இன்று 4.5 மீட்டர் ஹை டைடு" என்று மழைக்காலத்தில் செய்தி வந்ததும் 4.5 மீட்டர் அலை வருகிறது என்று வாட்ஸாப்பில் பரப்புகிறார்கள், டிவியிலும் சொல்கிறார்கள். அது அலை இல்லை, நீர்மட்டம். இரண்டாவது, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனமும் மற்ற ஆப்களும் காட்டும் அலை உயரம், வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் எப்போதாவது ஒரு அலை இரண்டு மீட்டரை நெருங்கியும் வரும், அந்த ஒன்று போதும். பக்கத்திலேயே எத்தனை விநாடிக்கு ஒரு அலை என்றும் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மீட்டர் அலை 10 விநாடிக்கு ஒன்று என்றால் தாலாட்டு, 4 விநாடிக்கு ஒன்று என்றால் முதுகெலும்பு கழன்றுவிடும். ஆனால் நீண்ட இடைவெளி அலை ஆழத்தில்தான் சாது, கரையோரத்திலும் மணல்மேட்டிலும் அது எழுந்து நிற்கும். கள்ளக்கடல் என்பது இந்த ஜாதி. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ புயல் அடிக்க, இங்கே காற்றே இல்லாத நாளில் அலை வந்து சேரும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

என் படகுக்கு நான் வைத்திருக்கும் அளவு: அலை ஒரு மீட்டர், காற்று 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அதற்கு மேல் என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உங்கள் படகு சின்னது என்றால், அல்லது அமரம் தாழ்ந்தது என்றால், இதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆப் இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது: அங்கங்கே அலையின் தலை வெள்ளையாக உடைய ஆரம்பித்தால் காற்று 10 நாட்டை நெருங்குகிறது, பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை என்றால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

மழைக்காலம் பற்றிப் பேச எதுவும் இல்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் தடைக்காலம், கோளிகள் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமிக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் முறையாகக் கடலுக்குப் போவார்கள், நானும் அதற்கு முன் படகை இறக்குவதில்லை. அக்டோபரில் மட்டும் ஒரு கண் கிழக்கே இருக்கட்டும், பிற்பகலில் சஹ்யாத்ரி மலைப் பக்கமிருந்து கறுத்து வரும் இடிமழை முன்னால் ஒரு காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், அது கடற்காற்றுக்கு நேர் எதிர்.

தாமதம் ஆகிவிட்டதா? நுழையாதீர்கள். வெளியே ஆழத்தில் அணியத்தை, படகின் முன்பக்கத்தை, அலைக்குக் கொடுத்து நில்லுங்கள், லைஃப் ஜாக்கெட்டை எல்லோரும் போடுங்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள், நிலைமை கைமீறுகிற மாதிரி தெரிந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. வற்றம் முடிந்து தண்ணீர் மறுபடி இரண்டு மணி நேரமாவது ஏறிய பிறகு உள்ளே வரலாம். பௌர்ணமி என்றால் இரவு 8 மணி ஆகிவிடும், இருட்டில் வர வேண்டும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இப்போதெல்லாம் உதாண் நாளில் வேறு வழியில்லாமல் போனால், 11.45க்கு எல்லோரையும் தூண்டிலைச் சுற்றச் சொல்லிவிடுவேன். யாராவது அந்த நேரம் மீன் இழுத்துக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடம் தருவேன். ராவஸாக இருந்தால் ஏழு.