சட்டைக் காலரை மறக்க முடியாத பிள்ளை

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள அவருடைய ஆறு வயது மகன் பள்ளிச் சீருடையைப் போட்டுவிட்ட உடனே கழற்றி எறிகிறான். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு அழைத்துப் போனால் ஊஞ்சலில் ஆட்டுகிறார்கள், மெத்தைகளுக்கு நடுவே படுக்கவைத்து அழுத்துகிறார்கள். "சட்டை போட மாட்டேங்கிறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கிறார்.

முதலில் உங்கள் உடைக்கு வருவோம். காலையில் உடுத்தியபோது துணி தோலில் பட்டது தெரிந்திருக்கும். அதற்கப்புறம், இந்த வரியைப் படிக்கும்வரை, அது உங்கள் நினைவிலேயே இருந்திருக்காது. துணி அங்கேயேதான் இருக்கிறது. எப்படி மறந்தோம்?

மறதி தோலிலேயே தொடங்கிவிடுகிறது. தோலின் ஆழத்தில் பாசினியன் துகள்கள் என்னும் உணர்விகள் உள்ளன. நடுவில் ஒரு நரம்பு முனை, அதைச் சுற்றி வெங்காயம் போல அடுக்கடுக்காக மெல்லிய சவ்வுகள், இடையிடையே திரவம். எதுவும் அழுத்தினால் முதல் கணத்தில் அந்த அழுத்தம் நடு நரம்பை எட்டும். மூளைக்குச் சேதி போகும். அழுத்தம் அப்படியே நீடித்தால் அடுக்குகள் நழுவிக்கொடுக்கும், திரவம் பரவும், நரம்பின் மேலுள்ள பாரம் இறங்கிவிடும். நொடிப்பொழுதில் நரம்பு அடங்கிவிடும். கையை எடுக்கும்போது மறுபடி ஒரு சேதி. 1960களில் இந்த அடுக்குகளை உரித்தெடுத்துச் சோதித்தபோது, நரம்பு முனையில் எழுந்த மின்மாற்றம் அவ்வளவு சீக்கிரம் தணியவில்லை. மாற்றத்தை மட்டும் சொல், மாறாததை விட்டுவிடு என்ற ஏற்பாட்டை வெறும் சவ்வும் நீரும் செய்து முடிக்கின்றன! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

ஆனால் எல்லா உணர்விகளும் இப்படி அடங்குவதில்லை. தோலிலுள்ள மெர்க்கல் செல்கள் என்னும் தொடு உணர்வு செல்களோடு இணைந்த நரம்புகள், அழுத்தம் இருக்கும்வரை சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு, "சரி, ஆபத்தில்லை" என்று ஒதுக்கவேண்டியது மூளையின் வேலை. 2015ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் இதைத்தான் பார்த்தார்கள். குழந்தைகளின் கையில் சொரசொரப்பான கம்பளியை உரசி, காதில் வாகன இரைச்சலை ஒலிக்கவிட்டு, மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் படம் பிடித்தார்கள். மற்ற குழந்தைகளுக்கு, அச்சத்தையும் எச்சரிக்கையையும் கையாளும் அமிக்டலாவின் துடிப்பு போகப்போகக் குறைந்தது. புலன் உணர்வு மிகுந்த ஆட்டிசக் குழந்தைகளுக்கு அப்படிக் குறையவில்லை.

இப்போது உங்கள் மகனை நினைத்துப் பாருங்கள். அவன் காலரும் அதிலுள்ள லேபிளும் முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை புதிதாகவே உறுத்திக்கொண்டிருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று சொல்லி அடிப்பது கொடுமை. திருஷ்டி என்று தாயத்துக் கட்டினால், ஏற்கெனவே உறுத்தலில் தவிக்கும் உடம்பில் இன்னொரு கயிறு உறுத்தும், அவ்வளவுதான்.

ஊஞ்சலும் மெத்தையும் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் தொடங்கிய புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையின் வழியில் வருபவை. ஊஞ்சல் உட்காதின் சமநிலை உறுப்பைத் தூண்டுகிறது. மெத்தை அழுத்தம் தசைக்கும் மூட்டுக்கும் பலமான, சீரான சேதி தருகிறது. இப்படிப்பட்ட சேதிகளால் உடம்பு அமைதியானால், சட்டையின் உறுத்தலையும் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் இந்த வழியின் எதிர்பார்ப்பு. ஆட்டிசம் உள்ள விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், மாடுகளை அசையாமல் நிறுத்தும் கூண்டைப் பார்த்து, இளம் வயதிலேயே தனக்கென ஓர் அழுத்தப் பெட்டி செய்துகொண்டார். அது தன் பதற்றத்தைத் தணித்ததாக எழுதியிருக்கிறார்.

ஆனால் ஊஞ்சல் ஆடினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 4 முதல் 11 வயது வரையுள்ள 138 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்து, 2022ல் முடிவு வெளியான ஆய்வில், இந்தப் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை வழக்கமான பராமரிப்பைவிட எரிச்சலையோ படபடப்பையோ கூடுதலாகக் குறைக்கவில்லை. ஆனால் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பெற்றோர், தாங்கள் குறித்துக்கொண்ட அன்றாட இலக்குகளில் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். இதுபோன்ற ஆய்வுகள் நம் ஊரில், சாதம் பிசைந்து சாப்பிடும், வெக்கையில் சீருடை போடும் குழந்தைகளை வைத்து நடக்கவேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடங்களுக்குப் போகாதீர்கள்.

உங்கள் தெரபிஸ்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மூணு மாசத்துல இவன் அன்றாட வாழ்க்கையில எது மாறணும்னு பாக்கறீங்க?" நல்ல தெரபிஸ்ட் உடனே சீருடைக்கு வருவார். லேபிளைத் தையலோடு பிரித்தெடுக்கச் சொல்வார், புதுத் துணியைப் பலமுறை துவைத்து மென்மையாக்கச் சொல்வார், உள்ளே பருத்தி பனியன் போட்டுப் பார்க்கச் சொல்வார். பொத்தான் போடுவதைக் கடைசிப் படியிலிருந்து பழக்குவார். பொத்தானைத் துளையில் பாதிவரை நீங்களே நுழைத்துவிட்டு, மறுபக்கம் பிடித்து இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்தபின், பாதிவரை நுழைப்பதையும் அவனே செய்யட்டும். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால், அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.